ரக்பியில் 9-ம் எண் என்ன செய்கிறது? கேரத் எட்வர்ட்ஸை வைத்து ஒரு விளக்கம்

ரக்பியை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு வரும் குழப்பம் பெரும்பாலும் ஒன்றுதான். பத்துப் பதினைந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கிறார்கள், பந்து எங்கே என்று தெரியவில்லை, நடுவர் விசில் ஊதுகிறார், எதற்கு என்றும் தெரியவில்லை. விதிகளை எல்லாம் படித்து முடித்துவிட்டு ஆட்டம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் ஆட்டம் பார்க்கவே மாட்டோம். அதைவிடச் சுலபமான வழி, ஒரே ஒருவரை மட்டும் கண்ணால் பிடித்துக்கொள்வது: முதுகில் 9 என்று போட்டிருப்பவர். ஸ்க்ரம்-ஹாஃப் என்பார்கள். பெரும்பாலும் களத்திலேயே குள்ளமானவர்களில் ஒருவராக இருப்பார், ஓயாமல் ஓடுவார், ஓயாமல் கத்துவார். பந்து அவர் கையில் இருக்கும், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு நொடியில் வந்துவிடும்.

இந்த வேலையைப் புரிய வைக்க வேல்ஸின் கேரத் எட்வர்ட்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1967 முதல் 1978 வரை வேல்ஸுக்காக ஆடியவர். 2003-ல் ‘ரக்பி வேர்ல்ட்’ பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆட்டக்காரர் என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இந்த மாதிரி வாக்கெடுப்புகளை நான் பெரிதாக நம்புகிறவன் இல்லை, ஆனால் ஆடுவதை நிறுத்தி 25 வருடம் ஆன ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தின் அடிப்படை. அணிக்கு 15 பேர். 1 முதல் 8 வரை ஃபார்வர்டுகள்; கனத்த உடம்புக்காரர்கள், முட்டி மோதிப் பந்தை வென்று கொடுப்பது அவர்கள் பாடு. 9 முதல் 15 வரை பேக்குகள். கிடைத்த பந்தை வைத்து ஓடுவது, உதைப்பது, டிரை போடுவது இவர்கள் பாடு. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது டிரை. இன்றைக்கு அதற்கு 5 புள்ளி. 1971 வரை 3 புள்ளிதான், அப்புறம் 1992 வரை 4. முக்கியமான விதி இது: பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். முன்னேற வேண்டுமானால் ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். இந்த ஒரு விதியால்தான் ரக்பி இப்படி விசித்திரமாக, பின்னால் கொடுத்துக்கொண்டே முன்னால் போகும் ஆட்டமாக இருக்கிறது.

ஃபார்வர்டுகளுக்கும் பேக்குகளுக்கும் நடுவில் நிற்பவர்தான் 9. ஸ்க்ரம் என்பது இரண்டு பக்கத்து எட்டு எட்டு பேரும் குனிந்து தோளோடு தோள் கோத்துத் தள்ளுவது. நடுவில் உள்ள சந்தில் 9 பந்தை உருட்டிவிடுவார், ஹூக்கர் என்பவர் காலால் பின்னால் தட்டிவிடுவார், பந்து ஆட்களின் கால்களுக்கிடையே உருண்டு கடைசி ஆளான 8-ம் எண்ணின் காலடிக்கு வரும். அதற்குள் 9 சுற்றி ஓடி வந்து அங்கே காத்திருப்பார். ரக் என்பது வேறு. ஓடிக்கொண்டிருந்தவரை மடக்கி வீழ்த்திவிட்டால் அவர் பந்தை விட்டுவிட வேண்டும், இரண்டு அணியும் அதன் மேல் நின்று தள்ளிக்கொள்ளும், அந்தக் குவியலுக்குப் பின்னாலிருந்து பந்தை எடுப்பதும் பெரும்பாலும் 9-தான். ஓரக் கோட்டுக்கு வெளியே பந்து போனால் வரிசையாக நிற்கிறவர்கள் மேல் எறிந்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள், எம்பிப் பிடித்தவர் கீழே கொடுப்பதும் அநேகமாக 9-க்குத்தான். ஆக, எந்தச் சண்டை எங்கே நடந்தாலும் பந்து வெளியே வரும் வாசல் ஒன்றே.

சரி, எடுத்தாயிற்று. அப்புறம்? இங்கேதான் வேலையின் சாரம் இருக்கிறது, டிவி வர்ணனையாளர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை. 9 பந்தை எடுத்து 10-க்குக் கொடுக்கிறார். 10, அதாவது ஃபிளை-ஹாஃப், ஆட்டத்தை முடிவெடுத்து நடத்துபவர்: ஓடலாமா, உதைக்கலாமா, அடுத்தவருக்குக் கொடுக்கலாமா. ஆனால் பந்து ஸ்க்ரத்தை விட்டு வெளியே வந்த கணத்திலேயே எதிரணியின் ஃபிளாங்கர் (ஸ்க்ரத்தின் ஓரத்தில் நிற்கும் ஃபார்வர்டு) ஒருவர் அவரை வீழ்த்தக் கிளம்பிவிடுவார். 10-க்கு யோசிக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பது 9 போட்ட பாஸைப் பொறுத்தது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஃபிளாங்கர் நொடிக்கு 7 மீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 இன்னும் 5 மீட்டர் தள்ளி நின்று பந்தை வாங்கினால் ஃபிளாங்கரும் 5 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும், கிட்டத்தட்ட 0.7 நொடி. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் பாஸ் அதே 5 மீட்டரை 0.33 நொடியில் கடந்துவிடும். மிச்சம் 0.4 நொடிக்குப் பக்கம். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் 90 கிலோ ஆள் ஒருவர் உங்கள் மேல் பாய்ந்து வரும்போது அந்த 0.4 நொடியில் தலையைத் தூக்கிப் பார்க்கலாம், எங்கே இடைவெளி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், பக்கவாட்டில் ஒரு அடி எடுத்து வைத்து அவரை ஏமாற்றலாம். 9 தன் 10-க்குக் கொடுப்பது பந்தை மட்டும் இல்லை, நேரத்தையும்தான். ஆனால் பாஸ் நீளமாக மட்டும் இருந்தால் போதாது, மெதுவாக வளைந்து போனால் பந்தோடு ஃபிளாங்கரும் வந்து சேர்ந்துவிடுவார். நீளமும் வேகமும் சேர்ந்து வேண்டும்.

இதற்கு வழி, பந்தைச் சுழற்றி எறிவது. ரக்பி பந்து முட்டை வடிவம். சும்மா தள்ளிவிட்டால் தலைகீழாக உருண்டு புரண்டு காற்றில் வேகத்தை இழக்கும். மணிக்கட்டைத் திருகி, அதன் நீள அச்சைச் சுற்றிச் சுழலும்படி விட்டால் பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதுபோல மூக்கு அசையாமல் நேராகப் பறக்கும். எட்வர்ட்ஸ் ஆட வந்த காலத்தில் நியூசிலாந்தின் கிறிஸ் லெய்ட்லா இந்தச் சுழல் பாஸுக்குப் பேர்போனவர். எட்வர்ட்ஸுக்கு ஆரம்பத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தது ஓட்டமும் உடல் பலமும்தான், பாஸ் அல்ல. அது பயிற்சியில் வந்தது.

இன்னொரு வகையும் உண்டு, டைவ் பாஸ். பந்தை எடுக்கும்போதே உடம்பை முழுதாகக் கிடைமட்டமாகப் பாய்ச்சி, விழுந்துகொண்டே எறிவது. எதிராளி வந்து பிடிப்பதற்குள் உடம்பு அங்கே இருக்காது, உடம்பின் எடையும் பாஸில் சேர்ந்துகொள்ளும். ஒரே பிரச்சினை, எறிந்தவர் தரையில் கிடப்பார், எழுந்து அடுத்த இடத்துக்கு ஓடுவதற்குள் ஆட்டம் நகர்ந்துவிடும். சுழல் பாஸ் வந்த பிறகு நின்றபடியே தூரம் எறிய முடிந்ததால் இது மெல்ல வழக்கொழிந்தது. எட்வர்ட்ஸ் இரண்டையும் செய்வார், மழையில் வழுக்கும் பந்தென்றால் டைவ்.

அவருடைய 10 யார் என்று சொல்லாமல் இந்தக் கதை நகராது. பேரி ஜான். இருவரும் முதன்முதலில் சேர்ந்து பயிற்சி செய்தது கார்மார்த்தனில், அங்கேதான் ஜான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். மழை, சேறு, ஜானின் காலில் சேற்றுக்கு ஒத்துவராத சாதாரண ரப்பர் காலணி. எட்வர்ட்ஸ் வழக்கம்போலத் தீவிரமாக, உனக்கு எப்படிப் பந்து வேண்டும், எந்தப் பக்கம் வேண்டும் என்றெல்லாம் கேட்க, வழுக்கிக்கொண்டிருந்த ஜான் அலுத்துப்போய்ச் சொன்னது இவ்வளவுதான்: நீ போடு, நான் பிடித்துக்கொள்கிறேன். வேல்ஸில் இது இன்றுவரை சொல்லப்படும் கதை. இருவரும் வேல்ஸுக்காக 23 ஆட்டங்கள் சேர்ந்து ஆடினார்கள். ஜான் பந்தைப் பிடித்துவிட்டுப் பூங்காவில் நடப்பதுபோல எதிராளிகளைத் தாண்டிப் போவதைப் பழைய படங்களில் பார்க்கலாம், எல்லோரும் அதை அவருடைய மேதைமை என்கிறார்கள். மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிதானத்தில் பாதிக்குக் காரணம் இன்னும் 15 மீட்டர் தள்ளிச் சேற்றில் விழுந்து கிடக்கும் மனிதர்.

எட்வர்ட்ஸ் 1947 ஜூலை 12-ல் தென் வேல்ஸில் குவைன்-கை-கர்வென் என்ற சுரங்க ஊரில் பிறந்தார், அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பொன்டர்டாவே தொழில்நுட்பப் பள்ளியில் பில் சாமுவேல் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் கண்ணில் பட்டார். ஜிம்னாஸ்டிக்ஸ், தடை ஓட்டம், கால்பந்து என்று எதைத் தொட்டாலும் பையனுக்கு வந்தது. சாமுவேல்தான் முயற்சி எடுத்து, இங்கிலாந்தின் சாமர்செட்டில் உள்ள மில்ஃபீல்ட் என்ற வசதியான தனியார் பள்ளியில் உதவித்தொகையோடு சேர்த்துவிட்டார். சுரங்கத்துப் பையனுக்கு அது வேறு உலகம். அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் உடம்புதான் பிற்பாடு எப்படி விழுந்தாலும் எழுந்து நிற்க உதவியது என்பது என் எண்ணம்; ஸ்க்ரம்-ஹாஃப் ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை கீழே விழுகிறார் என்று எண்ணிப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

1967 ஏப்ரல் 1, பாரிஸில் பிரான்சுக்கு எதிராக முதல் ஆட்டம், வயது 19. வேல்ஸ் தோற்றது. நாட்டுக்காக ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் ரக்பியில் கேப் என்று எண்ணுவார்கள், அந்தக் காலத்தில் வருடத்துக்கு நாலைந்து கேப் கிடைத்தாலே பெரிது. எட்வர்ட்ஸுக்கு 53. அந்த 53-ம் தொடர்ச்சியானவை, நடுவில் ஒரு ஆட்டம்கூட விடவில்லை! 11 வருடம் ஃபார்மும் போகவில்லை, காயமும் தடுக்கவில்லை. நாலாபுறமும் அடி வாங்கும் இடத்தில் நிற்கிற ஒருவருக்கு இது எப்படிச் சாத்தியமானது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. 1968-ல் ஸ்காட்லாந்துக்கு எதிராக 20 வயதிலேயே கேப்டன் ஆனார், வேல்ஸின் மிக இளைய கேப்டன்.

அப்போது ஆண்டுதோறும் நடந்தது ஐந்து நாடுகள் போட்டி: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், பிரான்ஸ். 2000-ல் இத்தாலி சேர்ந்து ஆறானது. எல்லோரையும் வென்றால் கிராண்ட் ஸ்லாம், பிரான்சை விட்டுவிட்டு மற்ற மூவரை வென்றால் டிரிபிள் கிரவுன். எட்வர்ட்ஸ் காலத்தில் வேல்ஸ் மூன்று கிராண்ட் ஸ்லாம் அடித்தது, 1971, 1976, 1978-ல்.

9-க்குப் பாஸ் மட்டும்தான் வேலை என்றால் யாரும் கவிதை எழுத மாட்டார்கள். பந்தை எடுத்துவிட்டு, கொடுப்பதுபோலக் காட்டித் தானே ஓடுவது அடுத்த ஆயுதம். இது எப்போதாவது நடந்தால்தான் பலிக்கும். ஆனால் ஓடக்கூடியவர் என்ற பயம் மட்டும் இருந்தாலே போதும், எதிரணி ஃபிளாங்கர் 10-ஐ நோக்கிக் கிளம்ப ஒரு கணம் தயங்குவார், அந்தத் தயக்கமும் 10-க்குப் போய்ச் சேரும் நேரம்தான். எட்வர்ட்ஸ் வேல்ஸுக்காக 20 டிரை போட்டார். கோட்டுக்குப் பக்கத்தில் ஸ்க்ரம் என்றால் மற்றவர்கள் அவரைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

1972-ல் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் ஸ்காட்லாந்துக்கு எதிராகப் போட்டதைப் பாருங்கள். தன் பாதிக் களத்திலிருந்து தனியே கிளம்புகிறார். பிடிக்க வந்தவரைக் கையால் தள்ளிவிடுகிறார். எதிரே கடைசி ஆள் மட்டும். ஓடிக்கொண்டே பந்தை அவர் தலைக்கு மேல் தட்டிவிட்டு, உருளும் பந்தை மறுபடியும் காலால் தட்டி, துரத்தி வந்தவரை முந்திக்கொண்டு மூலையில் பாய்ந்து அழுத்துகிறார். எழுந்து திரும்பி நடக்கும்போது முகம் முழுக்கச் செம்மண் சேறு, கண் மட்டும் தெரிகிறது. அந்த மைதானத்தில் நாய்ப் பந்தயமும் நடந்துகொண்டிருந்த காலம் அது, களத்தின் விளிம்பு இப்படித்தான் இருக்கும். வேல்ஸ் 35-12 என்று வென்றது.

ஆனால் உலகம் பார்த்தது அடுத்த வருடத்து டிரையை. 1973 ஜனவரி 27, அதே கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க் மைதானம், பார்பேரியன்ஸ் என்ற அணிக்கும் (ஆட்டக்காரர்களை அழைத்துச் சேர்க்கும் அணி) நியூசிலாந்துக்கும் ஆட்டம். அதாவது இது வேல்ஸ் ஆட்டமே அல்ல, பலரும் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொடங்கிச் சில நிமிடம்தான். நியூசிலாந்து உதைத்த பந்து பார்பேரியன்ஸ் கோட்டுப் பக்கம் உருள்கிறது, ஃபில் பென்னட் பின்னால் ஓடி எடுக்கிறார். பேரி ஜான் 27 வயதிலேயே ஓய்வு பெற்றுவிட, வேல்ஸின் 10-ம் எண்ணை எடுத்துக்கொண்டவர் இவர். யாராக இருந்தாலும் வெளியே உதைத்துவிட்டு மூச்சு வாங்குவார்கள். பென்னட் உதைக்கவில்லை. நின்ற இடத்தில் இடதும் வலதுமாகக் காலை மாற்றி வந்தவர்களை ஒவ்வொருவராக ஏமாற்றுகிறார். ஜே.பி.ஆர். வில்லியம்ஸுக்குக் கொடுக்கிறார், அவர் கழுத்தைப் பிடித்து இழுக்கிறார்கள், அப்படியும் பந்து ஜான் புல்லினுக்குப் போகிறது, அங்கிருந்து ஜான் டாஸ், டாமி டேவிட், டெரெக் குவின்னல். குவின்னலின் பாஸ் வரும்போது, எங்கிருந்தோ முழு வேகத்தில் பாய்ந்து வந்து அதை வாங்கிக்கொண்டு இடது மூலையில் பாய்கிறார் எட்வர்ட்ஸ்.

பயிற்சியாளர்கள் இந்தப் படத்தைப் போட்டு 9-ம் எண்ணுக்குக் காட்ட வேண்டிய இடம் கடைசிப் பாய்ச்சல் அல்ல. இந்த ஆட்டத்தில் நகர்வு தொடங்கியபோது அவர் தன் கோட்டை நோக்கி, அதாவது எதிர்த் திசையில், காப்பாற்ற ஓடி வந்துகொண்டிருந்தார். பந்து தாண்டிப் போனதும் திரும்பி, பந்து போகும் பாதைக்குப் பக்கத்திலேயே களம் முழுதும் ஓடியிருக்கிறார். பந்து எங்கே போனாலும் அங்கே போ என்பதுதான் ஸ்க்ரம்-ஹாஃபுக்குச் சொல்லித்தரும் முதல் விஷயம். நூற்றில் தொண்ணூறு முறை அப்படி ஓடிப் போனால் கிடைப்பது ரக்கில் ஒரு அழுக்குப் பந்துதான். பார்பேரியன்ஸ் 23-11 என்று வென்றது, அந்த டிரைக்கு அன்றைய கணக்கில் 4 புள்ளி.

மூன்றாவது ஆயுதம் உதை. இன்றைய ஆட்டத்தில் இது அதிகம், சிலர் அலுத்துக்கொள்ளும் அளவுக்கு அதிகம். ரக்குக்குப் பின்னால் பந்தைக் காலால் மெதுவாக நகர்த்தி வைத்துக்கொண்டு, நடுவர் சீக்கிரம் எடு என்று சொல்லும்வரை காத்திருந்து, செங்குத்தாக உயர உதைப்பார்கள். பாக்ஸ் கிக் என்று பெயர். எட்வர்ட்ஸ் வேறு ரகம், தாழ்வாக உருட்டி எதிரணியின் மூலைக்கு அனுப்புவார், ஈரத் தரையில் அது எங்கே எகிறும் என்று யாருக்கும் தெரியாது. பந்தைத் தரையில் விழவிட்டு, எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் டிராப் கோலும் அவருக்குக் கைவந்தது, 3 புள்ளி. 1974-ல் கேப் டவுன் சேற்றில் ஒன்று அடித்தார்.

அந்த 1974 பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் சிறந்தவர்களைச் சேர்த்து நாலு வருடத்துக்கு ஒருமுறையோ அப்படியோ பூமியின் தென்பாதி நாடுகளுக்கு அனுப்பும் அணிக்கு லயன்ஸ் என்று பெயர். எட்வர்ட்ஸ் 1968, 1971, 1974 மூன்றிலும் போனார். 1971-ல் கார்வின் ஜேம்ஸ் பயிற்சியில் நியூசிலாந்தில் தொடரை வென்றார்கள், லயன்ஸ் அங்கே தொடரை வென்றது அந்த ஒரே முறைதான். 1974-ல் தென்னாப்பிரிக்காவில் 22 ஆட்டங்களில் 21 வெற்றி, 1 டிரா. ஆட்டமாகப் பார்த்தால் அசுர சாதனை. ஆனால் நிறவெறி ஆட்சி நடந்த நாட்டுக்குப் போகவே கூடாது என்று பிரிட்டனில் பெரிய எதிர்ப்பு இருந்தது, வேல்ஸின் ஜான் டெய்லர் போன்றவர்கள் அந்த நாட்டு அணியோடு ஆட மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். எட்வர்ட்ஸ் போனார். சாதனையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் சரி.

இன்றைக்கு 9-ம் எண்ணில் பெரிய பெயர் பிரான்சின் அன்டுவான் டுபோன். எட்வர்ட்ஸ் பெரியவரா, டுபோன் பெரியவரா என்று கேட்டால் நான் நழுவிவிடுவேன். டுபோன் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர். எட்வர்ட்ஸ் வார நாட்களில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஆடியவர். ஏனென்றால் ரக்பி யூனியனில், அதாவது நாம் பேசும் இந்த 15 பேர் ஆட்டத்தில், 1995 வரை சம்பளம் வாங்குவது குற்றம். பணம் வேண்டுமானால் வடக்கு இங்கிலாந்தில் ஆடும் ரக்பி லீக் என்ற வேறு வகை ஆட்டத்துக்குப் போகலாம், ஆனால் போனவர்கள் திரும்பி வர முடியாது. வேல்ஸ் சுரங்க ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் போனார்கள். எட்வர்ட்ஸ் போகவில்லை.

1978 மார்ச்சில் கார்டிஃபில் பிரான்சை 16-7 என்று வென்று கிராண்ட் ஸ்லாம். பென்னட் இரண்டு டிரை, எட்வர்ட்ஸ் ஒரு டிராப் கோல். இருவருக்கும் அதுவே வேல்ஸுக்கான கடைசி ஆட்டம். அதே வருடம் எட்வர்ட்ஸ் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டு அதன் வருமானத்தையும் வாங்கிக்கொண்டார், உடனே அவரைத் தொழில்முறை ஆள் என்று முத்திரை குத்தி ஆட்டத்தோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒதுக்கிவிட்டார்கள். நாட்டின் மிகச் சிறந்த ஸ்க்ரம்-ஹாஃப், பக்கத்து ஊர்ப் பையன்களுக்குப் பாஸ் சொல்லிக்கொடுக்கக்கூட முடியாது! அந்த விதியை எழுதியவர்களில் யாரும் சுரங்கத்தில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அவர் டிவி பக்கம் போனார், வர்ணனை செய்தார், பிற்பாடு கார்டிஃப் கிளப்பின் இயக்குநராகவும் ஆனார், 2015-ல் சர் பட்டம் வந்தது. நடுவில் மீன் பிடிக்கவும் போனார், அதையும் அரைகுறையாகச் செய்யவில்லை. 1990-ல் லாண்டெக்ஃபெத் நீர்த்தேக்கத்தில் 45 பவுண்டு 6 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 20.6 கிலோ எடையுள்ள பைக் என்ற நன்னீர் மீனைப் பிடித்தார், பிரிட்டனின் சாதனை அது. 1992-ல் அதே நீர்த்தேக்கத்தில் வேறொருவர் அதைவிடப் பெரியதைப் பிடித்துவிட்டார்.